சேர்க்காமல் விட்ட ஒரு பதிவு

இரண்டு பட்டியல்களில் இருப்பவர் ஒரே ஆள்தான் என்று எதை வைத்துச் சொல்வது? மற்றவர்களுக்கு இது பொழுதுபோகாத நேரத்துக் கேள்வி. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருபத்திரண்டு வருடம் இருந்த அவருக்கு இதுதான் வேலை.

எல்லோரும் அவரைத் தையல்காரம்மா என்றார்கள். சட்டைப் பொத்தான்கூடத் தைக்க வராது. அவர் தைத்தது பட்டியல்களை. சம்பளப் பிரிவு ஒரு பட்டியல் வைத்திருந்தது, மருந்துக் கிடங்கு ஒன்று, டெலிபோன் அறை ஒன்று. தன்னுடையதே சரி என்று மூன்றும் சாதித்தன.

"எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிடலாமே" என்றார் பிரிவுத் தலைவர்.

"கொட்டலாம் சார். நாளைக்குக் காலையில அது நாலாவது பட்டியல் ஆயிடும்."

அவர் நிறுவியது வர்ச்சுவல் டைரக்டரி என்ற மென்பொருள். அது எதையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளாது. ஒருவரைப் பற்றி யார் கேட்டாலும், அந்த நொடியில் மூன்று இடத்திலும் விசாரித்து ஒரே ஆளாகக் காட்டும். பெயருக்குச் சம்பளப் பிரிவை நம்பு, போன் எண்ணுக்கு டெலிபோன் அறையை நம்பு என்று சொல்லி வைத்திருந்தார். பணியாளர் எண் இல்லாத பழைய பதிவுகளுக்கு ஒரு விதி: அப்பா பெயரும் பிறந்த தேதியும் ஒத்தால் ஒரே ஆள்.

இரட்டைப் பிள்ளைகள் அவர் நினைவுக்கு வரவில்லை.

குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ். அவளுடைய இரட்டை அக்காவும் அங்கேயே வேறொரு வார்டில் நர்ஸ். வார்டின் மருந்து அலமாரி டைரக்டரியைக் கேட்டுத்தான் யார் கார்டுக்கும் திறக்கும். அக்கா வேலையை விட்டாள். சம்பளப் பிரிவு அதைக் குறித்த நொடியே மருந்து அலமாரி தங்கையின் கார்டுக்குத் திறக்க மறுத்தது. நகல் இல்லாததால் தாமதமும் இல்லை.

"அக்கா, நான் வேலைய விட்டுட்டேனாம். அலமாரி சொல்லுது" என்றாள் தங்கை, தையல்காரம்மாவிடம் போனில்.

"விட்டது உன் அக்காதானே?"

"நான் விட்டா உங்ககிட்ட சொல்லாமயா போவேன்? சீக்கிரம்க்கா, எட்டாம் நம்பர் குழந்தைக்குப் பத்து நிமிஷத்துல ஊசி போடணும்."

"லைன்லயே இரு."

ஒன்றாகியிருந்த இருவர் பதிவையும் பிரிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. பூட்டு விடுபடும் சத்தம் போனில் கேட்டது.

"தப்பு என்னோடதும்மா. ரெண்டு பேரையும் ஒருத்தி ஆக்கிட்டேன்."

"எங்கம்மாவே அப்பப்ப ஆக்குவாங்க. வைக்கிறேன்."

அன்றே அந்த விதியை எடுத்துவிட்டார். அதை நம்பிச் சேர்த்த அறுநூற்று நாற்பது பதிவுகளையும் பிரித்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்து, கேட்டுக் கேட்டுக் கையால் மறுபடி சேர்த்தார். "என்னையே நான்தானான்னு கேக்குறீங்களே" என்று பலர் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, பிறந்த தேதியை மறுபடி கேட்பார். ஏழு மாதம் பிடித்தது.

கடைசி அறிக்கையைத் தலைவர் புரட்டினார். "ஒண்ணு மட்டும் சேராம நிக்குதே. தையல்காரம்மான்னு டெலிபோன் அறையில போட்டிருக்கு. நீங்கதானே?"

"தெரிஞ்சவங்கதான் சார்."

"அப்ப உங்க பேரோட சேத்துட வேண்டியதுதானே? ஒரு நிமிஷ வேலை."

"பாக்கலாம் சார்."

ஒன்பது வருடம் கழித்து ஓய்வுபெற்றார். சம்பளப் பிரிவு குறித்த நொடியே அவருடைய சொந்தப் பெயர் மூடிக்கொண்டது. தையல்காரம்மா இன்னும் டைரக்டரியில் இருக்கிறார்.