மண்டப வாசலில் நகராத கார்

சென்ற வாரம் பீளமேட்டில் ஒரு திருமணம். மண்டப வாசலில் பெண்ணின் தகப்பனார் கைகூப்பி நிற்கிறார். காருக்குள் அமர்ந்தபடியே வணக்கம் சொல்லிவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் மரியாதையா? ஆகவே கேட்டின் நடுவிலேயே நிறுத்தி, கியரை ‘பி’யில் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். இரு குடும்பத்து நலமும் விசாரித்து முடிக்கப் பத்து நிமிடம். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால்... பேட்டரி செத்துக் கிடந்தது.

ஆட்டோமேட்டிக் கார். மின்சாரம் இல்லையென்றால் கியர் ‘பி’யை விட்டு அசையாது, ‘பி’யில் சக்கரம் உருளாது. பின்னால் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம்.

“மாப்ள ரோட்டுல எறங்கி நடந்து வாரதுங்களா? நல்லாருக்குதுங்க உங்க மருவாதி!” என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

கோவையில் ஆலோசனைக்குப் பஞ்சமா? பம்ப் செட் செய்பவர், மில் மேனேஜர், ஐ.டி. ஊழியர் — கூடிய அனைவரும் இன்ஜினியர்கள். அனைவரும் சேர்ந்து கண்டுபிடித்த வழி, தள்ளுவது! ஆறு பேர் தள்ளினார்கள். கார் முனகியதோடு சரி.

“ஏனுங்க, ஐயா காலேஜுல மெக்கானிக்கல் புரொபசருங்க. அவருக்குத் தெரியாததுங்களா?” என்றார் ஒருவர். எங்கள் ஊரில் குத்தும்போதும் பணிவு குறையாது.

பக்கத்து இருக்கையில் இருந்த என் மனைவி டாஷ்போர்டைத் திறந்து, காருடன் தந்த கையேட்டை எடுத்தாள். மூன்றாண்டாகப் பிளாஸ்டிக் உறை பிரியாத கையேடு.

“இதைப் படிச்சுப் பாக்கலாங்களா?”

“இத்தனை பேர் முன்னாலயா? உள்ள வை அம்மணி.”

அவள் உறையைக் கிழித்தாள். இரண்டு பக்கம் புரட்டினாள்.

“ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க. கால் பிரேக்கையும் மிதிச்சுக்குங்க.”

கியருக்கு அருகில் நகமளவு மூடி ஒன்று. கொண்டை ஊசியால் நெம்பிக் கழற்றினாள். உள்ளே ஒரு துளை. என் சட்டைப்பைப் பேனாவை உருவி, அதற்குள் விட்டு அழுத்தினாள். “இப்ப நியூட்ரலுக்கு இழுங்க.”

இழுத்தேன். வந்தது! ஹேண்ட் பிரேக்கை விடுவித்ததும் இரண்டே பேர் தள்ள, கார் ஓரம் போயிற்று. மாப்பிள்ளை காரிலேயே உள்ளே நுழைந்தார்.

“என்ன இருந்தாலும் இன்ஜினியர் இன்ஜினியர்தானுங்க!” — காருக்குள் நடந்ததைப் பார்க்காத அதே தாய்மாமன் என் கையைப் பற்றிக் குலுக்கினார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.

“சும்மா இருங்க,” என்றாள் மனைவி காதருகே. “பொஸ்தகம் படிக்காத வாத்தியார் பொண்டாட்டின்னு என்னையத்தானுங்க சிரிப்பாங்க.”

வாயை மூடிக்கொண்டேன். தவற்றைச் சபையில் மறைத்து அச்சில் ஒப்புக்கொள்வது — அதுதானே படித்தவர் நாகரிகம்!