பதினாலாம் வண்டிச் சரக்கு

மைதானம் கட்டுகிற இடத்தில் அவளைப் பிடித்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. லாரிக்காரர்கள் அவளைக் கண்டாலே கரித்துக் கொட்டினார்கள். மேஸ்திரிகள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், சிலர் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்ற இடமெல்லாம் அவள் பெயர் ‘திருப்பு’.

காரணம் இல்லாமல் இல்லை. கலவை லாரி வாசலில் வந்து நின்றதும் அவள் ஒரு இரும்புக் கூம்பைத் தூக்கிக்கொண்டு வருவாள். அதில் கான்கிரீட்டை மூன்று தடவையாகப் போட்டு, தடவைக்கு இருபத்தைந்து குத்து கம்பியால் குத்தி, கூம்பை மெல்ல மேலே உருவுவாள். நிற்கிற குவியல் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பாள். தண்ணீர் கூடிப்போன சரக்கு நிற்காது, கரைத்த சாணி மாதிரி பரந்துவிடும். உடனே “திருப்பு” என்பாள். அந்த ஒரு சொல்லுக்கு மேல் கெஞ்சினாலும் நடக்காது, மிரட்டினாலும் நடக்காது. லாரி வந்த வழியே போகவேண்டியதுதான்.

அவளுக்கும் அந்த மைதானத்தின் மேல் பாசம் ஒன்றும் இல்லை. கடல் தண்ணீர் நின்ற பழைய கப்பல்துறையைப் பாதி மூடி, மீதித் தண்ணீரின் விளிம்பிலேயே கேலரியை ஏற்றவேண்டும் என்று எந்த மகராசன் முடிவெடுத்தானோ. உட்கார்ந்த இடத்திலிருந்து தண்ணீர் தெரியவேண்டுமாம். பந்து பார்க்க வருகிறவனுக்குத் தண்ணீர் எதற்கு என்று அவள் முதல் நாளே கேட்டாள். கேட்ட இடம் பெரிய இன்ஜினியரின் அறை. அன்றிலிருந்து அவருக்கும் அவளுக்கும் ஆகாது.

இந்த வேலை அத்தான் பேசி வாங்கிக் கொடுத்தது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். கலவை லாரி ஓட்டுகிறவர், பதினாலாம் நம்பர் வண்டி. இரண்டு வருஷத்தில் முறிந்துபோன கல்யாணத்தைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு அவள் அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்தபோது, “சும்மா உக்காந்தா மனசு கெட்டுப்போகும்” என்று சொல்லி, கான்கிரீட் சோதிக்கிற லேபில், சோதனைக் கட்டி வார்க்கிற இரும்பு அச்சு கழுவுகிற வேலையில் சேர்த்துவிட்டார். அவள் அச்சும் கழுவினாள், பக்கத்தில் நடந்த சோதனைகளையும் பார்த்துப் படித்தாள், பரீட்சையும் எழுதினாள். நாலு வருஷத்தில் கழுவின அச்சுக்கு அவளே எஜமானி. அத்தானுக்கு மட்டும் அவள் இன்னும் அச்சு கழுவுகிறவள்தான். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தால் போதும், “நான் சொல்லித்தானே அந்த வேலை” என்று ஆரம்பித்துவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சாப்பிடுவாள்.

அந்தப் பேச்சும் நின்றுபோன ஒரு சமயம் உண்டு. அத்தானின் சரக்கையே அவள் ஒருமுறை திருப்பி அனுப்பினாள். எல்லா டிரைவர்களும் பார்த்துச் சிரித்தார்கள். “சொந்தக் கொழுந்தியாளே கழுத்தப் பிடிச்சுத் தள்ளிட்டாளே!” மூன்று வாரம் அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவுக்கும் கோபம் என்பது அவள் தட்டை வைக்கிற சத்தத்திலேயே தெரிந்தது.

அப்படி இருக்கையில்தான் பெரிய மனிதர்கள் போட்டோ எடுத்துக்கொள்ள வந்தார்கள். தண்ணீரோரத் தூண்களுக்குக் கான்கிரீட் கொட்டுகிற நாள் அது. வெள்ளைத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் இல்லாத பந்தை உதைத்துக் காட்டிச் சிரித்துப் போகிறவரை வாசலை அடைத்துவிட்டார்கள். லாரிகள் கப்பல்துறைச் சாலையில் வரிசையாக வெயிலில் நின்றன. வாசல் திறந்தபோது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

பதினாலாம் வண்டி வந்தது. அவள் கூம்பை உருவினாள். குவியல் எவ்வளவு இறங்கவேண்டுமோ அவ்வளவே இறங்கியது. அங்கேதான் அவள் யோசித்திருக்கவேண்டும். அத்தனை நேரம் வெயிலில் சுற்றிய சரக்கு கெட்டிப்பட்டிருக்கும். அது இவ்வளவு பதமாக இருக்கிறதென்றால் யாரோ அதில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து அத்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு மூன்று வாரம் அந்த வீட்டில் ஊமையாகச் சாப்பிட அவளால் முடியாது. வேறு எந்த வண்டியாக இருந்தாலும் திருப்பியிருப்பாள். படிவத்தில் கையெழுத்துப் போட்டாள், வழக்கம்போல ஆறு அச்சில் சரக்கை எடுத்து வைத்தாள். மீதிச் சரக்கு இரண்டு தூண்களுக்குள் போய்ச் சேர்ந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அத்தான் அவளுக்குக் குழம்பை நகர்த்தி வைத்தார்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஆறு கட்டிகள். அவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். மூன்றை ஏழாம் நாளும், மூன்றை இருபத்தெட்டாம் நாளும் இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று பார்ப்பது வழக்கம். ஏழாம் நாள் பதினாலாம் வண்டிக் கட்டி உடையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. மற்ற எல்லா வண்டியையும்விட அதன் எண் கூடுதல். பெரிய இன்ஜினியர் எட்டிப் பார்த்து, “பாத்தியா, உங்க அத்தான் சரக்கு!” என்று முதல்முறையாக அவளிடம் சிரித்தார்.

அவளுக்குக் கணக்கு உதைத்தது. தண்ணீர் விட்ட சரக்கு பலம் குறையவேண்டும், இது கூடியிருக்கிறது. உடைந்த துண்டைக் கையில் எடுத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உள்பக்கத்தில் நாக்கை வைத்தாள். கரித்தது. துண்டைப் பொடித்துக் கரைத்து வடிகட்டி, உப்பு பார்க்கிற மருந்தை ஒரு சொட்டு விட்டாள். திரிந்த பால் மாதிரி வெள்ளையாகக் கட்டி தட்டியது.

கடல் தண்ணீர். அது விட்ட கான்கிரீட் முதலில் ஜோராகத்தான் இறுகும். ஆனால் உள்ளே இருக்கிற கம்பியை அந்த உப்பு வருஷக்கணக்காக, சத்தமே இல்லாமல் தின்னும். வெளியே பார்த்தால் தூண் தூணாகவே நிற்கும். தலைக்கு மேல் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் எழுந்து குதிப்பார்கள்.

அன்று மாலை அத்தான் தட்டின் முன் உட்கார்ந்ததும் கேட்டாள். “அன்னைக்கு வண்டியில எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?”

“எந்தத் தண்ணி? வண்டித் தொட்டியில இருந்த தண்ணிதான்.”

“அத்தான், உண்மையச் சொல்லுங்க. நான் மருந்து விட்டுப் பாத்துட்டேன்.”

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “தொட்டி காலியாயிடுச்சு. டிரம்முல சரக்கு இறுகினா வண்டியே போச்சு, உளிய வெச்சு நான்தான் செதுக்கணும். பக்கத்துல கப்பல்துறை. வாளியக் கட்டி எறக்கி ஏழெட்டு வாளி ஊத்துனேன். என்ன இப்போ? அதுவும் தண்ணிதானே.”

“அதுவும் தண்ணியா! பதினஞ்சு வருஷமா வண்டி ஓட்டுற ஆளு பேசுற பேச்சா இது?”

“இவ எனக்குப் பாடம் நடத்துறா பாரு. நான் சொல்லித்தானே உனக்கு…”

“வாங்கிக் குடுத்தீங்க, வாங்கிக் குடுத்தீங்க! அதுக்காக நான் கண்ண மூடிக்கணுமா?”

அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். “அவரு வேலைக்கு உலை வெச்சுட்டு நீ எங்கடி படுப்பே? எங்க உப்பத் தின்னுட்டு எங்களுக்கே குழி பறிக்கிறியா? வெளிய ஒரு வார்த்த வந்துச்சு, உன் பெட்டி தெருவுல கிடக்கும்.”

அக்கா சொன்னால் செய்வாள். அது இவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மறுநாள் பெரிய இன்ஜினியரிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார். “அந்தக் கம்பி துருப்பிடிக்க முப்பது வருஷம் ஆகும். அப்போ நானும் இங்க இருக்க மாட்டேன், நீயும் இருக்க மாட்டே. நம்பர் நல்லா வந்திருக்கு. நம்பரை மட்டும் எழுது.” பிறகு மேஜையில் கிடந்த படிவத்தை அவள் பக்கம் தள்ளி, கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். “வாயைத் தொறந்தா முதல்ல மாட்டுறது யாருன்னு பாத்துக்கோ.”

அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரம். இதை மூடி மறைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை, பயந்துதான் போனாள். பின்னறையை நினைத்துப் பயந்தாள், பெட்டியை நினைத்துப் பயந்தாள். அந்த மூன்று வாரமும் வீட்டில் அவளுக்கு ராஜ உபசாரம். அத்தான் தானாகவே பேசினார், அக்கா சூடாகப் பரிமாறினாள். விழுங்கின ஒவ்வொரு வாயும் அவளுக்குக் கரித்தது. தூண்களின் மேல் உத்தரம் ஏறியது. உட்காரும் படிகள் ஏறத் தேதி குறித்தார்கள்.

இருபத்தெட்டாம் நாள், மைதானத்துக்குச் சொந்தக்காரர்களின் தரப்பில் ஒரு பரிசோதகர் வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. அவர் கண்முன்னால் மூன்று கட்டிகளும் நசுங்கின. எண் முன்பைவிடவும் பிரமாதம். பெரிய இன்ஜினியர் அவர் தோளைத் தட்டினார். பரிசோதகர் பேனா மூடியைக் கழற்றினார்.

“சார், கையெழுத்துப் போடாதீங்க” என்றாள் அவள். உடைந்த துண்டை நீட்டினாள். “நாக்க வெச்சுப் பாருங்க.”

“என்னம்மா விளையாடுறீங்களா?”

“கப்பல்துறைத் தண்ணி விட்ட சரக்கு சார் இது.” அவர் யோசிப்பதற்குள் பொடித்து, கரைத்து, வடித்து, சொட்டு விட்டுக் காட்டினாள். குழாயில் வெள்ளை கட்டி தட்டியது. இயந்திரத்தை யாரோ அணைத்தார்கள்.

பெரிய இன்ஜினியருக்குப் புத்தி வேகமாக ஓடியது. படிவத்தை எடுத்து பரிசோதகர் மூக்குக்கு நேரே பிடித்தார். “கேளுங்க சார், நல்லாக் கேளுங்க! இந்த வண்டிய உள்ள விட்டது யாருன்னு கேளுங்க. இது யாரோட கையெழுத்து?”

“என்னோடதுதான்” என்றாள். “எங்க அத்தான் வண்டி. தெரிஞ்சே விட்டேன். இவர்கிட்ட மூணு வாரத்துக்கு முன்னாடியே சொன்னேன், மூடிக்கச் சொன்னார். மூடிக்கிட்டேன். அதையும் எழுதிக்குங்க.”

மறுநாளே அவளுக்கு வேலை போனது, அத்தானுக்கும் போனது. பெரிய இன்ஜினியரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடு என்று கேள்வி. பெட்டி தெருவில் கிடக்கவில்லை. அக்கா அதைத் துடைத்து வாசற்படியில் நிமிர்த்தி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவில் எறிந்திருந்தால்கூட இவள் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள். பெண்கள் விடுதி ஒன்றில் கட்டில் கிடைத்தது.

ஒன்றரை மாதம் கழித்து, அனுபவச் சான்றிதழ் வாங்க மைதானத்து வாசலுக்குப் போனாள். உத்தரத்தை இறக்கி, தூண்களை உடைத்து அள்ளி, புதுக் கம்பி கட்டியிருந்தார்கள். வாசலில் அத்தான் நின்றிருந்தார். வேலையைத் திரும்பக் கேட்க வந்தவர்போல, தேய்த்த சட்டை போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் இறுகியது.

“இப்போ மனசு குளுந்துச்சா?”

ஒரு கலவை லாரி வாசலுக்குள் பாதி நுழைந்து நின்றது. அவள் இடத்துக்கு வந்த புது ஆள் போனில் பேசிக்கொண்டே கூம்பை உருவினான். குவியல் பரந்தது. அவன் அளவுகோலைக்கூட எடுக்காமல் படிவத்தைத் தேடினான்.

“தண்ணி கூடிப்போச்சு” என்றார் அத்தான், தனக்குத்தானே. டிரம் சுற்றுகிற சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். “திருப்பு!”

புது ஆள் போனைக் கீழே போட்டான். ஓட்டுநர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான், ஆனால் பழக்க தோஷம், கை தானாக ரிவர்ஸுக்குப் போனது.

“உனக்கு எங்க போனாலும் வாய் அடங்காதா?” என்று அத்தான் சீறினார். சீறிக்கொண்டே லாரியின் பின்பக்கம் போய், அதன் உடம்பைக் கையால் தட்டி, “வா… வா… வலது ஒடி… வா” என்று அதைச் சாலைக்கு இறக்கிவிட்டார். அப்புறம் அவளைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.