மாதப்பன் தண்ணீர் ஊற்றினார்

தண்ணீர் ஊற்றாமல் பஸ்ஸை ஓட்டி இன்ஜினைக் கெடுத்தவர் என்று டிரைவர் மாதப்பனுக்கு வந்த பேர் பொய். கெடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தே என் ஆயுளில் பாதி போய்விட்டது.

இன்று காலை தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தார். அந்த வாசனை போதும் எனக்கு. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரிவாயுவில் ஓடின. வண்டிக்குப் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு, அதில் கரி. சேலம் போய் இறங்கும்போது பெண்பிள்ளைகளுக்கும் மூக்குக்குக் கீழே மீசை இலவசம்.

என் தாய்மாமனுக்கு அரூரிலிருந்து சேலத்துக்கு ஓடும் ஒரே ஒரு பஸ். காலேஜ் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை மேனேஜர் என்று உட்கார வைத்திருந்தார். மேய்க்க ஒரு வண்டி, அதட்ட ஒரு டிரைவர். படிப்புக்கு ஏற்ற உத்தியோகம்தான்.

கரிவாயுவோடு சாம்பலும் இன்ஜினுக்குள் போகும். சிலிண்டர் சுவர் அம்மி போலத் தேயும். ஏற்கெனவே இரண்டு தரம் உள்சுவரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போட்டாகிவிட்டது. அதுவும் தேய்ந்து, மஞ்சவாடி கணவாயில் சனங்கள் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று.

“டிக்கெட்டு வாங்குனது உக்காரவா, தள்ளவா?” என்று ஒரு கிழவி கேட்டாள்.

“ரெண்டுக்கும் ஒரே டிக்கெட்டுதான் ஆத்தா” என்றார் மாதப்பன்.

மறுபடியும் கடைவதா, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கையே மாற்றுவதா? புது பிளாக் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கோ தை மாதத்தில் தீர்த்தமலையில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுச் சனம் பஸ்ஸில் வந்து இறங்கும் என்று கடத்தூர்ப் பெண் வீட்டாரிடம் நானே பீற்றியிருந்தேன். மாட்டுவண்டியில் போய் இறங்குவதை நினைத்தாலே வியர்த்தது.

பிளாக்கைச் சாக்கில் சுற்றி, பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலேற்றி, சேலத்துப் பட்டறைக்கு நான்தான் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் சுவரைத் தடவிப் பார்த்தார்.

“கடைஞ்சு குடுக்கறேன். ஆனா முட்டை ஓடு மாதிரி மெலிஞ்சிரும். சமதரையில ஓட்டுங்க. மலை ஏத்துனா விண்டுரும். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க.”

அரூர் திரும்பியதும் மாமா கேட்டார், “என்னடா சொன்னாரு?”

“கடைஞ்சாலே போதுமாம் மாமா.”

மாதப்பன் பக்கத்தில் நின்றிருந்தார். “கணவா ஏத்தம் தாங்குங்களா தம்பி?”

“தாங்கும்” என்றேன்.

கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டிய பஸ்ஸில் போய் இறங்கினேன். பெண் வீட்டுப் பெரியவர்கள் என்னைவிட பஸ்ஸைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். மாதப்பனுக்கு ஒரு புது வேட்டி கொடுத்தோம். அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதமே கணவாயில், நிறைய ஆட்களோடு, பஸ் வெள்ளையாகப் புகை கக்கி நின்றுவிட்டது. தகவல் கிடைத்து மாமாவும் நானும் போனோம். ரேடியேட்டரில் ஒரு சொட்டு இல்லை.

“தண்ணி ஊத்துனியாடா?” என்றார் மாமா.

“அடிவாரக் கெணத்துல மொண்டு வழிய வழிய ஊத்துனனுங்க.”

“அப்ப எங்கடா போச்சு?”

மாதப்பன் என்னைப் பார்த்தார். நான் ரேடியேட்டர் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அரூரிலேயே இன்ஜினைப் பிரித்தபோது சிலிண்டர் சுவரில் விரிசல். தண்ணீர் இல்லாமல் காய்ந்ததால் விண்டது என்றார்கள். விண்டதால்தான் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி வெள்ளைப் புகையாகப் போனது என்று தெரிந்தவன் நான் ஒருவன். அன்றே அவரை நிறுத்தினார் மாமா. மலையடிவாரத்தில் தண்ணீர் ஊற்றாத டிரைவரை அந்தக் காலத்தில் எந்த முதலாளியும் தொடமாட்டார். ‘தண்ணி ஊத்தாத மாதப்பன்’ என்று பேர் ஒட்டிக்கொண்டது. சித்தேரி மலை ஓரமாக, விறகை அடுக்கி மண் பூசிச் சுட்டுக் கரியாக்கும் மூட்டம் போடப் போனார். அந்தக் கரியும் பஸ்களுக்குத்தான் வந்தது.

மாமா சாகும்வரை காத்திருந்தேன். தைரியம் எனக்கு அப்படித்தான் வரும். பிறகு போய் மாதப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டத்துக்கு மண் பூசுவதை அவர் நிறுத்தவில்லை.

“நான் ஊத்துனது எனக்குத் தெரியாதுங்களா? எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பஸ்ஸு நிக்கிற எடத்துல போயிச் சொல்லுங்க.”

போய்ச் சொன்னேன். அரூரில் பஸ் நிற்கும் இடத்து டீக்கடையில், டிரைவர் கண்டக்டர் எல்லோரும் இருக்கும்போது, பட்டறைக்காரர் பேச்சு முதல் மூடி துடைத்ததுவரை. ஒரு வயதான கண்டக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பெரிய மனசுங்க உங்களுக்கு. பொழப்பு போனவனுக்காகப் பழிய உங்க தலையில போட்டுக்கறீங்களே.”

இல்லை, நிஜம் என்றேன். சத்தியம் பண்ணினேன். பண்ணப் பண்ண என் மனசு பெரிதாகிக்கொண்டே போனது. பின்னாலிருந்து ஒரு குரல்: “மொதலாளி வூட்டுப் புள்ளையவே பொய் சொல்ல வெச்சிட்டானே, கெட்டிக்காரன்தான் அந்த மாதப்பன்!” எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் மாதப்பனிடம் போனேன். எனக்கு முன்பே செய்தி போயிருந்தது. அவர் மனைவி வாசலை மறித்து நின்றாள்.

“இன்னொருக்கா எங்களுக்கு ஒத்தாசை பண்ண வந்துராதீங்க சாமி.”

உள்ளே அவர் இருமுவது கேட்டது. வெளியே வரவில்லை.

கரி பஸ் போய்விட்டது. மாதப்பனும் அவர் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கணவாயில் இப்போது வண்டிகள் நிற்காமலே ஏறுகின்றன. அவர் தண்ணீர் மொண்ட கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள். மாதப்பன் தண்ணீர் ஊற்றினார் என்று சொல்ல நான் மட்டும் மிச்சம். அரூரில் இன்றும் என்னை நல்லவன் என்றுதான் சொல்கிறார்கள்.