கதவில் விழுந்த கோடுகள்

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ரோஸ்மேரி திருப்பூருக்கு வந்தபோது ஒரு பனியன் கம்பெனியில் கிடைத்த வேலை, தைத்து முடித்த பனியன்களில் தொங்கும் நூலை வெட்டுவது. பிறகு செக்கிங் மேசைக்கு மாறினாள். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. இப்போது அதே கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். கணவன் அந்தோணிராஜ் சரக்கு வேன் ஓட்டுகிறான். ஊருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்த இருவரும் போன வருடம் கருநீலத்தில் ஒரு புதுக் கார் எடுத்தார்கள்.

வேலம்பாளையத்தில் ஆறுச்சாமியின் லைன் வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். கீழே நான்கு குடும்பங்கள். மாடி அறைகளில் வடக்கிலிருந்து வந்த தையல்காரர்கள். முற்றத்துத் தகரக் கொட்டகையில் ஓரமாக ஒரு சைக்கிள் நிற்கும். மாடியில் இருந்த ஒடிசாக்காரன் பிக்ரமுடையது. மிச்ச இடம் முழுவதையும் கார் எடுத்துக்கொண்டது.

காரைப் பார்த்துக்கொள்வது ரோஸ்மேரியின் பொறுப்பு. அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சீட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடமாட்டாள். வாரம் தவறாமல் டயருக்குக் காற்றுப் பார்க்கச் சொல்வாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பனியன் வேஸ்ட் துணியால் கார் முழுக்கத் துடைப்பாள். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டுத் துடைக்கணும் என்று அந்தோணிராஜ் சொல்லிப் பார்த்தான். குடிக்கவே தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, இதற்கு வேறா என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்தபோது வெயில் சாய்வாக விழுந்து, டிரைவர் பக்கக் கதவில் கோடுகள் தெரிந்தன. அரிவாள் போல வளைந்த மெல்லிய கோடுகள். பக்கத்தில் பிக்ரமின் சைக்கிள். அவள் மாடியைப் பார்த்துக் கத்திக் கூப்பிட்டாள். எல்லா வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள்.

பிக்ரம் இறங்கி வந்து கதவைப் பார்த்தான். சைக்கிளைப் பார்த்தான்.

"பெடல் கீழே இருக்கு அக்கா. கோடு மேலே" என்றான்.

"அப்போ ஹேண்டில்பார் இடிச்சிருக்கும். எங்கிருந்தோ பொழைக்க வந்து அடுத்தவங்க பொருள நாசம் பண்ணுதிய."

ஆறுச்சாமி இடையில் வந்து, சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொள்ளும்படி பிக்ரமிடம் சொன்னார். மறுநாள் வேலை விட்டு வந்ததும் பிக்ரம் சைக்கிளைத் தோளில் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனான். படி குறுகலானது. ஒவ்வொரு திருப்பத்திலும் சக்கரம் சுவரில் இடித்தது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

அந்த மாதக் கடைசியில் ஒரு காலை, பானெட்டைத் துடைக்கும்போது ரோஸ்மேரியின் கைக்கு அடியில் கீச்சென்று சத்தம் கேட்டது. துணியை எடுத்தாள். புதிதாக ஒரு கோடு. துணியை விரித்துப் பார்த்தாள். தொப்பி வைத்த பனியனில் வெட்டிய துண்டு அது. கயிறு நுழைக்கும் துளையில் அடித்த உலோக வளையம் அப்படியே இருந்தது. அவள் கதவருகே போய் வெறுங்கையால் துடைப்பது போல வீசிப் பார்த்தாள். கோடுகள் அவள் கை போன வழியே வளைந்திருந்தன.

தைத்த துணியில் ஊசிமுனை உடைந்து கிடந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுகிறவள். முகமெல்லாம் சூடேறியது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டுத் துணியைப் பைக்குள் திணித்தாள்.

அந்தோணிராஜிடம் மட்டும் சொன்னாள். அவன் நடந்தது நடந்துபோச்சு, இதைக் கிளற வேண்டாம் என்றான். அவளும் பேசாமல்தான் இருந்தாள். ஆனால் சாயந்தரம் படியில் சக்கரம் இடிக்கும் சத்தம் கேட்டதும் அடுப்படிக்குள் போய், திறக்க வேண்டாத டப்பாவைத் திறந்துகொண்டு நின்றாள். பிழைக்க வந்தவன் என்று நானா சொன்னேன் என்று திரும்பத் திரும்ப நினைத்தாள். அவளும் ஒரு தகரப் பெட்டியோடு இந்த ஊருக்கு வந்து இறங்கியவள்தான்.

கடைசியில் ஒருநாள் படியடியில் பிக்ரமை நிறுத்தினாள்.

"தம்பி, அந்தக் கோடு நான் போட்டது. துணியில இரும்பு இருந்திருக்கு, கவனிக்கல. இனி சைக்கிள கீழயே நிறுத்துப்பா."

"சரி அக்கா" என்றான். பிறகு சைக்கிளைத் தோளில் ஏற்றினான். "பரவால்ல. பழகிருச்சு."

எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டு ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னது போதாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தண்ணீர் விடும் நாளில் குழாயடியில் எல்லோரும் கூடியிருந்தபோது, பிக்ரம்மேல் எந்தத் தப்பும் இல்லை, நான்தான் கீறினேன் என்று சொன்னாள்.

"அதுக்கென்னுங்க அம்மிணி, தெரியாம ஆவறதுதானுங்களே" என்றார் ஆறுச்சாமி.

மற்றவர்கள் அவரவர் குடத்தைப் பார்த்தார்கள். பிக்ரம் தன் முறை வந்ததும் தண்ணீர் பிடித்துக்கொண்டு மேலே போனான். தீபாவளிக்கு ஊருக்குப் போனவன், திரும்பி வந்ததும் தன் கம்பெனிக்குப் பக்கத்திலேயே அறை பார்த்துக்கொண்டான் என்று ஆறுச்சாமிதான் சொன்னார்.

அடுத்த சர்வீஸுக்கு காரை விட்டபோது அந்தோணிராஜ் கதவையும் பானெட்டையும் பாலிஷ் போடச் சொல்லியிருந்தான். வண்டி வந்ததும் ரோஸ்மேரி வெயிலில் குனிந்து பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை. வாங்கிய அன்றைக்குப் போலவே கதவு பளபளத்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டுவிட்டோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.