மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்ட சவரியார்

பெரம்பலூர் விதைக் கிடங்கில் வேலை பார்த்த சவரியாருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. கண்ணாடிவிரியனை வாலைப் பிடித்துத் தூக்கி, "பாத்துப் போயிட்டு வா தம்பி" என்று வேலிக்கு அப்பால் விட்டவர். ஒருமுறை பாடாலூர் ரோட்டில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் மூச்சடைத்து நின்றுவிட, தன்னந்தனியாகப் பின்னாலிருந்து தள்ளியே பெரம்பலூர் கொண்டுவந்து சேர்த்தார். கண்டக்டர் அவரிடம் டிக்கெட்டுக்குக் காசும் வாங்கிக்கொண்டார். நம்பாதவர்கள் அந்த பஸ்ஸையே கேட்டுக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்ட மனிதர், உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு தாளைப் பார்த்து நடுங்கினார்.

அது விவசாயப் பத்திரிகை ஒன்றில் வந்த இங்கிலீஷ் ஆராய்ச்சிக் கட்டுரை. திருச்சியிலிருந்து அவருடைய ஆபீசர் அனுப்பியிருந்தார். முந்தின போகத்தில், செட்டிகுளம் வெள்ளைச்சாமியின் புஞ்சையைத் துண்டு துண்டாகப் பிரித்து, சிலவற்றில் சர்க்காரின் புதுச் சோள விதையும் சிலவற்றில் ஊர் விதையும் விதைத்துப் பார்த்திருந்தார்கள். விளைச்சலை எடையும் போட்டாயிற்று. கட்டுரை சொல்லும் முறைப்படி கணக்குப் போட்டு, புது விதை மெய்யாகவே மேலா, இல்லை வெறும் அதிர்ஷ்டமா என்று செவ்வாய்க்கிழமை செட்டிகுளத்துக் கூட்டத்தில் சவரியார் சொல்ல வேண்டும். மேல் என்றால் ஊர் முழுக்க அதையே விதைக்கும். அரிசியை ரேஷனில் அளந்து போட்ட காலம் அது. சோளமும் பொய்த்தால் ஊரில் அடுப்பு எரியாது.

முதல் இரண்டு பக்கமும் மனிதர் படிக்கும்படிதான் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் கணக்கு தொடங்கியது. கிரேக்க எழுத்துகள் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. சிலவற்றுக்குத் தலையில் கோடு, சிலவற்றுக்குக் காலடியில் குட்டி எழுத்து. அந்தப் பக்கத்தில் நுழைந்த எறும்பு ஒன்று வெளியேற வழி தெரியாமல், அங்கேயே கல்யாணம் முடித்துப் பேரன் பேத்தி எடுத்தது. இத்தனைக்கும் கீழே, "இதிலிருந்து எளிதில் விளங்குவது யாதெனில்" என்ற பொருளில் ஒரு வரி. அந்த 'எளிதில்'தான் சவரியாரைத் தூங்கவிடவில்லை.

"என்னங்க, சோத்துல கைய வச்சுக்கிட்டுக் கூரையப் பாக்குறீங்க? அங்கயா எழுதியிருக்கு?" என்றாள் அவர் மனைவி அற்புதம்மாள்.

"எல்லாருக்கும் எளிதா விளங்குமாம். எனக்கு விளங்கலையே."

"எழுதுனவரு பொண்டாட்டிக்கு விளங்கியிருக்குமா?"

"வெளையாடாத. செவ்வாக்கெழம ஊரே என் வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும்."

"தெரியலைன்னு ஆபீசருக்கு எழுதிப் போட்டுடுங்களேன்."

"எழுதினா, தெரிஞ்ச ஆளாப் பாத்து வேலைக்கு வச்சுக்குவாரு. நாம சொந்த ஊரு வரதராசன்பேட்டைக்கு மூட்டையக் கட்ட வேண்டியதுதான்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையிலும் அந்தப் பக்கம்தான் கண்ணில் ஆடியது. சாமியார் பீடத்தைப் பார்த்தபடி இலத்தீனில் முணுமுணுத்தார். அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடித்தது; சவரியாரின் தலை தானாகக் குனிந்தது. குனிந்த தலைக்குள் சட்டென்று ஒன்று தோன்றியது. பிறந்ததிலிருந்து கேட்கிற இந்த இலத்தீனில் ஒரு சொல்லுக்கும் அவருக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் எங்கே எழுந்து நிற்பது, எங்கே மண்டியிடுவது என்பதில் ஒருநாளும் தப்பியதில்லை. மணி அடிக்கிற இடம் தெரிந்தால் போதுமே!

வீட்டுக்கு வந்ததும் சூத்திரங்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, இடையிலிருந்த வாக்கியங்களை மட்டும் படித்தார். 'ஆகையால்' என்று வந்தால் ஒரு மணி. 'இப்படி இருந்தால்' என்று வந்தால் இன்னொரு மணி. பிறகு கையை எடுத்து, வாக்கியத்தோடு சூத்திரத்தைப் பொருத்திப் பார்த்தார். கோணிக் கோணி மடிந்த பெரிய எழுத்து, 'எல்லாவற்றையும் கூட்டு'. தலையில் கோடு போட்டது, சராசரி. சிலேட்டை எடுத்து, நாலு துண்டுகளின் எடையை மட்டும் வைத்துப் போட்டுப் பார்த்தார். விடை வந்தது! முழுக்கணக்கும் போட்டார். புது விதை வெகுதூரம் முந்தியிருந்தது.

"அற்புதம்! ஜெயிச்சாச்சு!" என்று கத்தியவர், அடுத்த நிமிஷமே வாயை மூடிக்கொண்டார். கை மறைக்காத இடத்தில் ஒரு மணி திரும்பத் திரும்ப அடித்திருந்தது. 'துண்டுகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தால்' என்று. முதல் சூத்திரத்துக்கு முன்னாலும் அதுதான், கடைசிச் சூத்திரத்துக்கு முன்னாலும் அதுதான். விதைத்த அன்று அவர் குளிர்சுரத்தில் படுத்திருந்தார். இரண்டு விதையையும் துண்டு மாற்றித் துண்டு கலந்து விதைக்கச் சொல்லி வெள்ளைச்சாமியிடம் ஆள் அனுப்பியது மட்டுமே நினைவிருந்தது.

திங்களன்று செட்டிகுளத்தில் போய் நின்றார்.

"வாங்க சார், மோர் குடிங்க" என்றார் வெள்ளைச்சாமி.

"மோர் இருக்கட்டும். சர்க்கார் வெதைய எந்தப் பக்கம் போட்டீங்க?"

"ஆட்டுக்கெடை போட்டிருந்த பக்கமா."

"எல்லாத்தையுமா?"

"பின்ன? நம்மள நம்பி வந்த வெதைங்க. விருந்தாளியக் கல்லு மேலயா உக்கார வைப்பாங்க? நம்ம வெதை வூட்டு ஆளு. மேட்டுல போட்டாலும் கெடக்கும்."

ஆடுகளை நாள்கணக்கில் அடைத்து எரு ஏற்றிய மண் அது. அங்கே எந்த விதையும் முந்தும்.

செவ்வாய்க்கிழமை ஊர் கூடியது. ஆபீசரும் வந்தார்.

"கணக்கு என்ன சொல்லுது, சவரியார்?"

"புது விதை ஜெயிச்சுதுன்னு சொல்லுது சார்." கூட்டம் சலசலத்தது. சவரியார் கையை உயர்த்தினார். "ஆனா அந்தக் கணக்கை நம்ப முடியாதுங்க. ஜெயிச்சது விதையா, ஆட்டுப் புழுக்கையான்னு தெரியல."

யாரோ சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை.

"மூணாம் பக்கத்தைப் படிச்சீரா, இல்லையா?"

"அங்கதான் சார் இருக்கு" என்று விரலை வைத்துக் காட்டினார். ஆபீசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் படித்தார்.

"அப்ப இந்த வருஷம்?"

"ஊர்க்காரங்க ஊர் விதையையே போடட்டும் சார். புது விதைய அதே புஞ்சையில மறுபடி போட்டுப் பாப்போம். சீட்டுக் குலுக்கி."

"மேலிடத்துக்கு எழுதுறேன்" என்றார் ஆபீசர். நல்லபடியாக எழுதுவாரா, கெட்டபடியாகவா என்பதை அவர் முகம் காட்டவில்லை.

"சீட்டுன்னா, பூக்கட்டிப் பாக்குறதுதானே?" என்று வெள்ளைச்சாமி, விதைக்கும் நாளன்று புஞ்சையிலேயே செவ்வரளியையும் வெள்ளரளியையும் தனித்தனியாக இலையில் மடித்துக் குலுக்கினார். சிவப்பு வந்தால் சர்க்கார் விதை. வெள்ளை வந்தால் ஊர் விதை. முதலில் பாறையோரத்து மேட்டுத் துண்டு. பொட்டலத்தைப் பிரித்தார். சிவப்பு.

வெள்ளைச்சாமி அவசரமாக இலையை மூடப் பார்த்தார். "சார், இது ஒண்ணு மட்டும் வேணாமே. பாவம், வந்த வெதை."

"மூடாதீங்க" என்று சவரியார் அவர் கையைப் பிடித்தார். சர்க்கார் விதையில் ஒரு பிடி அள்ளி, அந்தக் கையிலேயே வைத்தார்.