மலை ராஜா போர்த்திய சால்வை

போன மாதம் கள்ளக்குறிச்சியில் நடந்த ஒரு விழாவில் என் மகளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. மேடையில் இருந்த எல்லாருக்கும் அதே நிறத்தில், அதே பளபளப்பில் ஆளுக்கொன்று. வீட்டுக்கு வந்ததும் அவள் அதை நாலாக மடித்து மிக்ஸிக்கு மூடிவிட்டாள். நாலு பேர் எதிரில் எனக்குப் பேச்சு வராது. மகள் எதிரிலும் அப்படித்தான். அதனால் எழுதுகிறேன். எனக்கும் ஒரு முறை சால்வை போர்த்தியிருக்கிறார்கள். அது பட்டு. போர்த்தியவர் ராஜா. ஆனால் அது என் தோளில் ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. என் சித்தப்பா வருடத்தில் பாதி நாள் கரும்பு வெட்டுவார், மீதி நாள் ராஜாவாக இருப்பார். கூத்து ஜமாவில் ராஜா வேஷம் அவருடையது, ஜமாவும் அவருடையது. ஆடி மாதம் கல்வராயன் மலையில் ஓர் ஊர்த் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போவார்கள். நாட்டை இழந்து காட்டுக்குப் போகும் ராஜாவின் கதையைத்தான் அங்கே ஆடுவது. அதில் ராஜாவின் பிள்ளையாக ஒரு சின்னப் பையன் வரவேண்டும். அந்த வருடம் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பையனுக்கு அம்மை போட்டுவிட்டது.

"இவ வருவா," என்றார் சித்தப்பா, என்னைக் காட்டி.

அம்மா சிரித்துவிட்டாள். "இவளா? பள்ளிக்கூடத்துல பேர் கேட்டாலே அழுவா."

"மூஞ்சில அரிதாரம் பூசிட்டா யாருக்கு அண்ணி தெரியப்போவுது? வசனம் எல்லாம் இவளுக்குத் தெரியும். மாட்டுக்குத் தண்ணி வைக்கும்போது சொல்லிக்கினு இருந்தா, கேட்டேன்."

உண்மைதான். மாட்டிடம் எனக்கு வெட்கம் கிடையாது.

மலைக்குப் போகிறோம், ராஜாவைப் பார்க்கப்போகிறோம் என்று எனக்கு இரண்டு ராத்திரி தூக்கமே இல்லை. கூத்து ராஜா இல்லை, நிஜ ராஜா. அந்த மலையை ஒரு காலத்தில் ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். நான் சின்னக் குழந்தையாக இருந்தபோதே அரசாங்கம் ஜாகீரை எடுத்துக்கொண்டது. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் பழைய ஜாகீர்தார் வீட்டுக்காரரை ராஜா என்றேதான் சொன்னார்கள். அவர் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில்தான் கூத்துக்காரர்களுக்குச் சாப்பாடு, மரியாதை எல்லாம். கூத்து முடிந்ததும் ராஜாவே வந்து பட்டுச் சால்வை போர்த்துவார் என்று சித்தப்பா சொன்னார். எனக்கு மூன்றாம் வகுப்புப் பாடம் ஞாபகம் வந்தது. குளிரில் நடுங்கிய மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்த மலை அரசன். அதை நடத்தும்போது எங்கள் டீச்சர், இதோ இருக்கிற திருக்கோவிலூரை ஆண்டவர்கூட பாட வந்தவர்களுக்குத் தேர் தேராகக் கொடுத்தவர் என்று சொல்லியிருந்தார். ராஜாக்கள் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள் என்பது எனக்கு நன்றாகப் பதிந்துபோயிருந்தது.

பஸ் மலையேறும்போது வாந்தி எடுத்தேன். அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த ஊரில் பகல் கூத்து. காலைப் பூசை முடிந்து தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும். அம்மன் கோயிலுக்கு எதிரே மைதானம். கோயிலுக்கு நேர் எதிர்க் கோடியில் ஒரு பெரிய பலா மரம். ராஜா எந்தப் பக்கம் யானைமேல் வருவார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தவர் ஒல்லியாக, துவைத்து வெளுத்த வேட்டியும் துண்டுமாக, மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்கு நூல் கட்டியிருந்தார். ஆனால் மைதானமே எழுந்து நின்றது. அப்போது நம்பினேன்.

எப்படிப் பேசினேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகம் இறுக அரிதாரம், தலையில் அட்டைக் கிரீடம், இடுப்பில் ஜிகினாப் பாவாடை. காட்டில் பிள்ளை தண்ணீர் கேட்டு அழும் இடம் வந்தபோது நான் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். பேசி முடித்தபோது முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் எழுந்துவந்து தன் சொம்பை என் வாயில் வைத்து, "குடி சாமி," என்றார். கூட்டம் ஓவென்று கத்தியது.

கூத்து முடிந்தது. ராஜா எழுந்து வந்தார். மடித்த சால்வையை உதறினார். அரக்கு நிறம், உள்ளங்கை அகலத்துக்கு ஜரிகைக் கரை. சித்தப்பா வழக்கம்போலக் குனிந்து நின்றார். ராஜா அவரைத் தாண்டி வந்து என் தோளில் போர்த்தினார்.

"நல்லா பேசினே தாயி."

விசில் பறந்தது. பம்பை அடித்தார்கள். சால்வை என் கால்வரை தொங்கியது, பழைய பெட்டி வாசனை அடித்தது. அந்த நிமிடத்தில் நான் என் பெயரை யார் கேட்டிருந்தாலும் சத்தமாகச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் எல்லாரும் சாமைச் சோறு சாப்பிட உட்கார்ந்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சால்வையோடு ஊரைச் சுற்றிவரக் கிளம்பினேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கடைசி வீட்டுக் கொட்டகையின் ஓரத்தில் கட்டிப்போட்டிருந்த ஒரு வெள்ளாட்டுக் குட்டி நனைந்து நின்றது. காது, வால், முட்டி எல்லாம் தனித்தனியாக நடுங்கியது. என்னைப் பார்த்துக் கத்தியது.

மயில்தான் இல்லை. மற்றதெல்லாம் பாடத்தில் இருந்தபடியே இருந்தது.

நான் யோசிக்கவே இல்லை. சால்வையை எடுத்து ஆட்டுக்குப் போர்த்தினேன். நழுவி நழுவி விழுந்தது. என் பாவாடை நாடாவை உருவி கழுத்திலும் வயிற்றிலும் கட்டினேன். "வாழ்க," என்று ஆட்டை ஆசீர்வதித்துவிட்டு, பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். நெஞ்சு அப்படி நிறைந்திருந்தது.

சித்தப்பா பாதி முகம் கழுவியிருந்தார். "வா வா, சால்வையக் குடு."

"குடுத்துட்டேன் சித்தப்பா."

"யார்கிட்ட?"

"ஆட்டுக்கு."

அவர் முகத்தில் ராஜாவாக இருந்த பாதியும் சித்தப்பாவாக இருந்த பாதியும் ஒன்றாக வெளுத்தன. பக்கத்தில் கோமாளி வேஷம் போடும் மாமா இருந்தார், கூம்புக் குல்லாவைக்கூட இன்னும் கழற்றவில்லை. "வள்ளல் பொறந்துட்டாடா நம்ப ஜமாவுல," என்று தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சலங்கையோடு ஓடினார்கள். நானும் ஓடினேன்.

ஓடும்போதுதான் கோமாளி மாமா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். "அவுரு வூட்ல இருக்கிறதே அந்த ஒண்ணுதான் புள்ள. வருசா வருசம் அதத்தான் போத்துவாரு. பொழுதுசாய நாங்க பின்வாசல் வழியா குடுத்துருவோம். நாளைக்குப் பம்பைக்காரங்க ஆட்டம், அவங்களுக்கும் அதேதான். இல்லன்னா இத்தினி ஊரு ஜனத்து முன்னால மனுசன் இன்னாத்தப் போத்துவாரு?"

"அப்ப அது எனக்குக் குடுத்தது இல்லியா?"

"குடுத்ததுதான். திருப்பித் தரணும்."

எனக்கு அழுகை வந்தது. பாடத்தில் மயில் திருப்பித் தரவில்லை.

கொட்டகையில் ஆடு இல்லை. சலங்கைச் சத்தத்துக்கே மிரண்டு அறுத்துக்கொண்டு போயிருந்தது. கீழே சாமைக் கொல்லைச் சரிவில், பட்டுப் போர்த்திய ஆடு நின்று திரும்பிப் பார்த்தது. சித்தப்பா கையை நீட்டிக்கொண்டு, "வாடிம்மா, வாடி தங்கம்," என்று பக்கத்தில் போனார். அது ஒரே தாவில் கோயில் மைதானத்தின் பக்கம் ஏறிவிட்டது. ஊர் ஜனம் முழுக்க அங்கேதான் இருந்தது. சால்வையை அடையாளம் கண்டுவிட்டால் தீர்ந்தது.

கோமாளி மாமாவை நான் இன்றைக்கும் கும்பிடுவேன். அவர் ஆட்டை முந்திக்கொண்டு மைதானத்தில் குதித்து, தொண்டை கிழியக் கத்தினார்: "ஒதுங்குங்க ஒதுங்குங்க! ஆட்டுராஜா நகர்வலம் வர்றாரு! தழை வரி கட்டாதவன்லாம் கொல்லையக் காமிங்க!"

கூத்து இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு கூட்டம் உருண்டு சிரித்தது. ஆடு ஓட, பாதி முகம் பச்சை அரிதாரத்தோடு சித்தப்பா துரத்த, பின்னால் நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓட, ஒரு ஆள், "காலைல இருந்து இதான்யா நல்லா இருக்குது," என்றார். சேறும் மழையும் பட்ட சால்வை ஒரு வேஷத் துணி மாதிரிதான் இருந்தது. பலா மரத்தடியில் சக்கைக்கு ஆசைப்பட்டு ஆடு நின்றபோது சித்தப்பா அதன்மேல் விழுந்தார்.

கரையில் ஒரு கை அகலத்துக்கு ஜரிகை இல்லை. ஆட்டின் வாயில் ஒரு நூல் மட்டும் மினுங்கியது.

சித்தப்பா என்னை அடிக்கவில்லை. அலசிப் பிழிந்த சால்வையோடு என்னையும் பின்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெரிய கதவு; உள்ளே பாதிக் கூரை சரிந்திருந்தது. ராஜாவும் அவர் மனைவியும் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜா அவரைக்காய் உரிப்பார் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

"தப்பு நடந்துபோச்சிங்க," என்று சித்தப்பா காலில் விழுந்தார்.

ராஜா சால்வையை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஏம்மா ஆட்டுக்குப் போட்ட?" என்று என்னைக் கேட்டார்.

"குளுர்ல நடுங்கிச்சிங்க. ராஜா பட்டுன்னா... போத்தணும்ங்களே."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மனைவியிடம், "நம்ப வூட்டுச் சால்வை இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் ஒரு உசுருக்குக் குளுருக்கு ஒதவியிருக்குது," என்றார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "நாளைக்கு இன்னா பண்றது?" என்று மெதுவாகக் கேட்டார்.

சிரிப்பு நின்றது. அவர் ஒரு அவரையை எடுத்து உரித்தார். "ஒடம்பு சரியில்ல, கோயிலுக்கு வரலன்னு சொல்லிரு," என்றார். "கிழிசலப் போத்தவும் மாட்டேன், வெறுங்கையோட போயி நிக்கவும் மாட்டேன்."

சித்தப்பா எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் ராஜா வேஷத்து மேலங்கி இருந்தது. ஒரு வெட்டுப் பருவம் முழுக்கக் கரும்பு வெட்டிய கூலியில் கள்ளக்குறிச்சி கடைவீதியில் வாங்கிய ஜரிகை அதன் கரையில் இருந்தது. எங்கள் வீட்டில் அதை யாரும் தொடக்கூடாது. அவர் அந்த ஜரிகையைப் பல்லால் கடித்துப் பர்ரென்று உருவினார். ராஜா, "ஏய், வேணாம்பா," என்று எழுந்தே விட்டார். சித்தப்பா காதில் வாங்கவில்லை. எங்கள் வேஷத் துணிக்கெல்லாம் ஊசி பிடிப்பவர் கோமாளி மாமாதான். விளக்கேற்றுவதற்குள் சால்வையின் கரை முழுக்கப் புது ஜரிகையை வைத்துத் தைத்து முடித்துவிட்டார்.

எனக்கு ஒரே கோபம். கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டதும் இல்லாமல் எங்கள் ஜரிகையையும் வாங்கிக்கொண்டாரே, இவர் என்ன ராஜா என்று நினைத்தேன். அன்றைக்கு அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பம்பை ஆட்டம் முழுக்கப் பார்த்தோம். சித்தப்பாவும் கோமாளி மாமாவும் நானும் கூட்டத்துக்குப் பின்னால், பலா மரத்துக்கு முன்னால் நின்றோம். ராஜா வந்தார். மைதானம் எழுந்தது. அவர் சால்வையை உதறிய நேரம் மஞ்சு விலகி வெயில் அடித்தது. ஜரிகை பளீரென்றது. நிஜ ஜரிகை அப்படி மின்னாது; மேடை ஜரிகைதான் மின்னும்.

"ராஜா இந்த வருசம் புதுசு எடுத்துட்டாருடோய்!" என்று ஒருவர் கத்தினார். விசில் காதைப் பிளந்தது. பம்பைக்காரர் சால்வையோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, முகத்தில் அரிதாரம் இல்லாமல், கூட்டத்தில் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். "அது எங்க சித்த..."

கோமாளி மாமா ஒரு பெரிய பலாச்சுளையை என் வாயில் திணித்துவிட்டார்.

சுளையை மெல்ல முடியாமல் நின்றபோது பார்த்தேன். ராஜா கூட்டத்துக்கு மேலாக எங்கள் பக்கம் பார்த்து, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். சித்தப்பா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பின்னால்தான் அம்மன் இருக்கிறாள்போல என்று நினைத்து, வாய் நிறையச் சுளையோடு நானும் திரும்பி நின்று பயபக்தியாகக் கும்பிட்டேன்.

கோயில் மைதானத்தின் எதிர்ப்பக்கம் அல்லவா இருந்தது என்று எனக்கு உறைத்தது, போன மாதம், என் மகள் மிக்ஸியை மூடிக்கொண்டிருந்தபோதுதான். எங்களுக்குப் பின்னால் இருந்தது பலா மரமும், அதில் கட்டியிருந்த அந்த ஆடும் மட்டும்தான்.