கீரைக்கட்டுக்கு அடியில் வந்த கறி

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் பல குடித்தனங்கள் இருந்த வீட்டில் குடியிருந்தோம். மாட்டுக்கறி சமைப்பது தெரிந்தால் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயத்தில், யார் கேட்டாலும் "மட்டன்" என்றே சொல்லிவந்தேன். ஞாயிறு விடிந்ததும் என் கணவர் கறி வாங்கப் பம்மலுக்குச் சைக்கிளில் போவார். தாமதித்தால் ஜவ்வும் எலும்பும்தான் மிஞ்சும். கறியைப் பையில் கீரைக்கட்டுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவருவார்.

ஒரு வாரம் அருமையான தொடைக்கறி கிடைத்தது. மிளகு போட்டு வறுத்தேன். பக்கத்துப் போர்ஷன் வசந்தா, ஐந்து மாதக் கர்ப்பிணி, வாசனை பிடித்து வந்துவிட்டாள். மாட்டுக்கறியைத் தொடாத குடும்பம்.

"மட்டன் வாசனை ஆளைத் தூக்குது அக்கா" என்று உரிமையோடு சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். வாய்க்கருகே போன கையைத் தட்டிவிட்டேன்.

"உப்பு ஜாஸ்தியாயிடுச்சும்மா" என்று உளறினேன்.

"மாசமா இருக்கறவ கையை இப்படியா தட்டுவீங்க?" என்று அழுதுகொண்டே போனாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் போய் உண்மையைச் சொன்னேன். "அப்போ, போன மாசம் குடுத்த குழம்பு?" என்றாள்.

"அது நிஜமாவே மட்டன்தான்மா" என்றேன்.

இப்போதெல்லாம் வீடு பார்க்கப் போனால், அட்வான்ஸ் பேசுமுன்பே மாட்டுக்கறி சமைப்போம் என்று சொல்லிவிடுகிறேன். பல இடங்களில் அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முடியட்டும். போன மாதக் குழம்பு மட்டன்தான் என்று அன்று நான் சொன்ன உண்மையை வசந்தா நம்பவில்லை. அதன்பிறகு என் வீட்டில் அவள் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.